வாசித்தவர் வாய் திறக்க வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற நூற்கருத்துக் கூட்டத்தின் முடிவில் ஆற்றிய சொற்பொழிவு)





இன்று மாலை நம் சங்கத்து இளைஞர்களும் இளம்பெண்களும் தாம் அண்மையில் வாசித்த நூல்களைப் பற்றித் தத்தம் கருத்துக்களை எடுத்துரைக்கக் கேட்டோம். ஒருவர் பெரியபுராண வசனத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் துப்பறியும் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசினார். மற்றவர்கள் நம் மலைநாட்டு வாழ்வைச் சொல்லும் கதை நூல்களை எடுத்துக்கொண்டார்கள். இவற்றிற்கு முடிவுரை கூறும் பணி எனக்குத் தரப்பட்டிருக்கிறது. பேசியவர்களுக்குப் புள்ளியிடுவது என் நோக்கமன்று. அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்லிய குரலில் ஒரு வினா எழுப்பினார். "பிள்ளைகள் நூல்களைப் படிக்கட்டும், நல்லதுதான். பெரியோர் எழுதியவற்றுக்கு நிறையும் குறையும் கூற இவர்களுக்கு என்ன தகுதி உண்டு?" என்பதே அவ்வினா. அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆகவே அதற்கு விடை தேடுவதையே இன்றைய என் பேச்சாகக் கொள்கிறேன்.

நக்கீரர் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்த நக்கீரருடைய உரைக்கே தீர்ப்புக் கூறியது ஒரு சிறு பிள்ளை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இறையனார் களவியல் உரையின் முகப்பிலே இவ்வரலாறு கூறப்படுகிறது. ஆலவாய்ப் பெருமான் அருளிய அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்தார்கள். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்று வாதிட்டார்கள். வழக்குத் தீரவில்லை. முடிவில் அவர்களுக்கு நடுவராக வாய்த்தவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். அவனுக்கு வயது ஐந்து. அவன் வாய் பேசாதவன். புலவர்கள் ஒவ்வொருவராக வந்து உரையை வாசித்தார்கள். பிள்ளை பேசாமல் கேட்டிருந்தான். மதுரை மருதன் இளநாகனார் வாசித்தபோது சிற்சில இடங்களிலே அவன் கண்களில் நீர் வந்தது. நக்கீரர் வாசித்தபோதோ சொல்லுக்குச் சொல் கண்ணீர் சொரிந்து உடல் புளகித்தான். அதுவே மெய்யுரை என்று புலவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இக்கதை நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். நாற்பத்தொன்பது புலவர்களுக்கு நடுவே ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அமர்த்துவதற்கு நம் முன்னோருக்கு ஏன் மனம் வந்தது என்பதே நாம் எண்ண வேண்டியது. அந்தப் பிள்ளைக்குக் கட்சி இல்லை. தன் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். தன் நெஞ்சு அசைந்த இடத்தில் அசைந்தது என்று காட்டினான். அசையாத இடத்தில் வாளா இருந்தான். இளநாகனாரின் உரையிலே எந்த இடம் நல்லது என்பதைக்கூட அவன் கண்ணீர் சுட்டியது. நூலுக்குக் கருத்துக் கூறுவோருக்கு வேண்டிய தகுதி இவ்வளவே என்று நான் கருதுகிறேன். முழுதும் கேட்டல், பொய்யின்றி உணர்தல், இடம் சுட்டிச் சொல்லுதல் என்னும் இவற்றுக்கு வயது எல்லை கிடையாது.

நூலைக் கூடியிருந்து கேட்பதும் அதைப்பற்றிப் பேசுவதும் நமக்குப் புதிய வழக்கமன்று. சைவக் கோயில்களில் புராண படனம் நடக்கிறது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சபையார் கேட்டிருப்பார்கள். தஞ்சைப் பகுதியிலே லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். நம் தோட்டங்களிலும் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிறது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்படுகின்றன. முன்னாளில் லயத்து இஸ்தோப்பிலே விளக்கை வைத்துக்கொண்டு, எழுத்தறிந்த ஒருவர் அல்லியரசாணி மாலையையோ பாரதக் கதையையோ பெரிய எழுத்துப் புத்தகத்திலிருந்து இராகத்தோடு வாசிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். கேட்டவர்கள் சும்மா எழுந்து போய்விடுவதில்லை. அல்லி செய்தது சரியா, அருச்சுனன் செய்தது சரியா என்று மறுநாள் கொழுந்து மலையிலும் பீலிக்கரையிலும் வழக்கு நடக்கும். அது இலக்கிய விமர்சனம் அன்றி வேறென்ன?

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். அல்லியைப் பற்றியும் அருச்சுனனைப் பற்றியும் நம் பாட்டன்மார் தாராளமாகக் கருத்துச் சொன்னார்கள். தங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. மலைநாட்டுத் தோட்ட வாழ்வைப் பற்றித் தமிழில் அச்சேறிய நூல்களில் மிகப் பழையதாகக் கூறப்படுவது ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி. அது வெளிவந்தது 1869ஆம் ஆண்டில். அப்போது இம்மலைகளிலே தேயிலை பெருகவில்லை, கோப்பிதான் செழித்திருந்தது. கும்மி என்றவுடன் நம் மக்களின் பாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். பயிர்ச்செய்கையைத் துரைமாரின் கண்கொண்டு பார்த்து, தொழிலாளிக்குப் புத்தி சொல்லும் நூல் அது. அதிலே பேசப்பட்டவர்களுட் பெரும்பாலார் அதை வாசிக்க இயலாதவர்களாய் இருந்தார்கள்.

பின்பு காலம் மாறத் தொடங்கிற்று. 1920களில் கோ. நடேசய்யர் வந்தார். தேசபக்தன் பத்திரிகை நடத்தினார். எழுதியதோடு நில்லாமல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் நிலையைப் பாடல்களாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். வாசிக்கத் தெரியாத மக்களுக்கு அச்சிட்ட எழுத்து செவி வழியாகச் சென்றது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றின. அவற்றின் வாயிலாக மலைநாட்டிலே எழுதுவோர் ஒரு கூட்டம் உருவாயிற்று.

இனி இன்று இங்கே பேசப்பட்ட நூல்களுக்கு வருகிறேன். ஒரு தங்கை இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பேசினார். ஒன்று புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டு மணிக்கொடியில் எழுதிய துன்பக்கேணி. மற்றது என். எஸ். எம். இராமையா எழுதிய ஒரு கூடைக் கொழுந்து. 1961இல் தினகரனில் வந்த அக்கதையின் பெயரிலேயே அவருடைய சிறுகதைத் தொகுதி 1980இல் வெளியாயிற்று. அந்தத் தங்கை சொன்னதன் சாரம் இது: "துன்பக்கேணியை வாசித்தபோது எனக்கு இரக்கம் வந்தது. இராமையாவின் கதையை வாசித்தபோது என் அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. முதற் கதையிலே துன்பம் முழுவதும் இருக்கிறது; வேலை செய்கிறவளின் கைத்திறனும் மானமும் இரண்டாவது கதையிலேதான் இருக்கின்றன."

உடனே ஒரு தம்பி எழுந்து மறுத்தார். "பெருமையை மட்டும் பேசினால் துன்பம் மறைந்துபோகும். அக்கரையிலே இருந்த ஓர் எழுத்தாளர், கப்பலேறிப் போன ஏழைப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று 1935ஆம் ஆண்டிலே கேட்டிருக்கிறார். அது சிறிய காரியமா?" என்றார்.

இருவருடைய கருத்தும் நூலுக்குள் நின்று பிறந்தவை. தங்கை தம் தாயின் கையை அளவுகோலாக வைத்தார். தம்பி கதை எழுதப்பட்ட காலத்தை அளவுகோலாக வைத்தார். இவற்றுள் எது சரி என்று நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. புதுமைப்பித்தன் பெரிய எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கூடைக் கொழுந்தின் கனம் முதுகிலும் நெற்றியிலும் எவ்வாறு இருக்கும் என்பதில் அவரினும் நம் தாய்மார் பெரிய ஆசிரியர்கள். அந்த அறிவு இச்சபையில் இருக்கிறது. அதை வைத்து நூல்களை நிறுத்துப் பார்க்கும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. பெரியவர் கேட்ட தகுதி என்ற வினாவுக்கு இது இரண்டாவது விடை.

கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட தூரத்துப் பச்சை நாவலைப் பற்றி இன்னொரு தம்பி பேசினார். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்டுத் தேயிலை மலைக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை அது. நூலின் பெயர் ஒரு பழமொழியை ஒட்டியது. "தூரத்தில் நிற்பவருக்குப் பச்சை தெரிகிறது, பச்சைக்குள் நிற்பவருக்கு அட்டைக்கடிதான் தெரிகிறது" என்று அவர் சொன்னபோது சபை சிரித்தது. சிரிப்புக்கிடையே ஒரு நல்ல வினாவையும் அவர் போட்டார். வந்தவர்களின் கதை எழுதப்பட்டுவிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கொழும்புக் கடைகளிலே வேலைக்குப் போய் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசுகின்ற எங்கள் கதை எங்கே என்றார்.

ஊர்ப்பெயரைப் பற்றிய பேச்சு வந்தபடியால் தெளிவத்தை ஜோசப் அவர்களை இங்கே நினைவுகூர்கிறேன். தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டவர் அவர். அவருடைய காலங்கள் சாவதில்லை நாவல் 1974இலும் நாமிருக்கும் நாடே சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. 2013ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022இல் மறைந்தார். ஒரு தோட்டத்தின் பெயர் இலக்கிய உலகமெங்கும் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டதற்கு அவருடைய எழுத்து காரணமாயிற்று. கூச்சப்படும் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் பற்றி ஒருவர் எழுப்பிய வினாவும் விடை கூறத்தக்கது. "நம்மைப் பற்றிப் பாடியவர் ஏன் ஆங்கிலத்திலே பாடினார்? நாங்கள் ஏன் மொழிபெயர்ப்பிலே படிக்கவேண்டும்?" என்று அவர் கேட்டார். மடக்கொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி. வி., 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். தம் மக்களின் பாடு ஆள்வோரின் காதில் விழவேண்டுமானால் அவர்களுடைய மொழியிலே சொல்லவேண்டிய காலம் அது. அதே சி. வி. நம் மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்து, மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலை 1983இல் தமிழிலே தந்தார். இந்த விடையைக் கேட்ட பிறகும் வினா கேட்ட தம்பிக்கு மனக்குறை தீராவிட்டால், அதுவும் நல்லதே. அந்தக் குறையோடு அவர் நூலை மறுபடி வாசிக்கட்டும்.

இவ்வளவு பாராட்டியபின் இளைஞர்களுக்குச் சில சொற்கள் கண்டிப்பாகவும் கூற வேண்டும்.

இன்று பேசியவர்களுள் ஒருவர் நூலின் முன்னுரையிலே உள்ள புகழுரைகளை ஒப்புவித்தார். கைத்தொலைபேசியிலே பிறர் எழுதிய கருத்தை எடுத்துத் தம் கருத்தாகக் கூறுவதும் இக்காலத்தில் எளிதாகிவிட்டது. அது இரவல் நகை போன்றது. பூட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகலாம். இரவு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திக்கித் திக்கிச் சொன்னாலும் சொந்தக் கருத்து உங்களிடமே தங்கும்.

துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசிய தம்பி, "நன்றாக வேகமாகப் போகிறது" என்று கூறி அமர்ந்துவிட்டார். அந்த நூலை வாசித்ததற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. எதனால் வேகமாகப் போயிற்று என்று அவர் எண்ணியிருந்தால் போதும். ஆசிரியர் எதை ஒளித்துவைத்தார், எந்த அத்தியாயத்திலே நம்மை ஏமாற்றினார், அந்த ஏமாற்று நேர்மையானதா என்று சொல்லியிருந்தால் நாமும் பயன் பெற்றிருப்போம். "நன்று" என்பதும் "நன்றன்று" என்பதும் கருத்தின் வாயிற்படிகள். அங்கேயே நின்றுவிட்டால் வீட்டைக் காண முடியாது.

பெரியபுராணத்தைப் பற்றிப் பேசிய தங்கை கண்ணப்பர் வரலாற்றிலே தமக்கு எழுந்த ஐயத்தைச் சொல்ல வந்து, பெரியவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். அடியார் வரலாற்றை ஐயத்தோடு அணுகுவது வேறு, அவமதிப்பது வேறு. ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியாருக்கே வேடன் செயலைக் கண்டு மனம் பதறிற்று. சேக்கிழார் அந்தப் பதற்றத்தை மறைக்காமற் பாடினார். ஐயத்தை வெளியிட்டால் அன்றோ அதைத் தெளிவிப்பாரும் கிடைப்பர்?

குற்றம் காண்பதே விமர்சனம் என்ற எண்ணமும் வேண்டாம். திருநெல்வேலியிலே இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்ற பெயரிலே நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாடலை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லிலே இன்பம் இருக்கிறது என்று கண்டு மகிழ்வார்கள். மகிழ்ந்ததை மகிழ்ந்த இடத்தோடு சொல்வதும் கருத்துத்தான். கம்பனை அனுபவிக்கும் வழியைப் பலருக்குக் காட்டியது அந்த முற்றம்.

இப்போது இக்கூட்டத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நம் மக்களுட் பெரும்பாலார் நாடற்றவர்களாயினர். அதையடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரிலே இரண்டு நாடுகளின் பிரதமர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை பிரிக்கப்பட்டது. போகிறாயா, இருக்கிறாயா என்று முதலிலே மக்களைக் கேட்டு அந்த எண்ணிக்கை வகுக்கப்படவில்லை. பழகிய பீலியையும் புதைத்த பெற்றோரையும் விட்டுப் பல குடும்பங்கள் இரயிலேறின. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் செய்யவேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையைப் பற்றி மற்றவர்கள் எல்லாரும் கருத்துச் சொன்னார்கள்; அந்தத் தலைமுறை கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று வாக்கு இருக்கிறது. பாடசாலை இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்றதன் பின், நம் பிள்ளைகள் உயர்வகுப்பு வரை செல்லும் வழி மெல்ல மெல்லத் திறந்தது. ஆனால் வாய்மூடியிருக்கும் பழக்கம் சட்டத்தினாலே தீர்ந்துவிடுவதில்லை. கூட்டங்களிலே "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் தலை குனிகிறோம், வெளியே வந்து வாசலிலே நின்று பேசுகிறோம். நாற்பது பேருக்கு முன்னே எழுந்து, "இந்தக் கதையில் இந்த இடம் உண்மை, இந்த இடம் உண்மையன்று, காரணம் இது" என்று சொல்லப் பழகிய பெண், நாளை சம்பளத்தைப் பற்றியோ, வீட்டுக் காணியைப் பற்றியோ, பிள்ளையின் படிப்பைப் பற்றியோ பேசவேண்டிய இடத்திலே எழுந்து நிற்பாள். நூல் ஒன்றும் நம்மைக் கோபிக்காது, வேலையிலிருந்து நிறுத்தாது. வாய் திறந்து பழகுவதற்கு இதனினும் பாதுகாப்பான இடம் வேறில்லை.

ஆகவே பெரியோர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. பிள்ளை பேசும்போது இடையிலே திருத்தாதீர்கள். முடிந்தபின் உங்கள் கருத்தையும் ஒரு கருத்தாக வையுங்கள். சொல்லலங்காரத்தோடு முழங்குபவருக்கு மட்டும் பரிசளிக்காமல், நூலைத் திறந்து பக்கத்தைக் காட்டிப் பேசுபவருக்கும் பரிசளியுங்கள். சங்கத்தின் வாசிகசாலைக்கு ஆண்டுதோறும் சில நூல்களாவது வாங்கிக் கொடுங்கள். சீர்காழியிலே பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொள்ளும் வாசிகசாலையில் அந்த விதி நிறைவேறாது.

இளைஞர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். நூல் கிடைக்கவில்லை என்ற குறை இப்போது பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணையத்தளத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கிலே இலவசமாகக் கிடைக்கின்றன. மலைநாட்டு நூல்கள் பலவும் அங்கே உண்டு. கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். அவ்வாறு வாசித்த ஒரு கதையை உங்கள் வீட்டிலே, எழுத்தறியாத ஒருவருக்கு, அம்மாயிக்கோ தாத்தாவுக்கோ, உரக்க வாசித்துக் காட்டுங்கள். வள்ளுவர் கல்விக்குப் பின் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்து, கல்லாதவரும் கேட்டறியலாம் என்று வற்புறுத்தியிருக்கிறார். வாசித்து முடித்தபின் அவர்களுடைய கருத்தைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலே எத்தனை றாத்தல் குறைப்பார்கள், பெரட்டுக் களத்திலே பிந்தி வந்தவளுக்கு என்ன நடக்கும் என்பதையெல்லாம் எழுத்தாளர் சரியாக எழுதினாரா என்று அவர்கள் ஒரு நிமிஷத்திலே கூறிவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பற்றித் தம் கருத்து ஒன்றையும், வீட்டுப் பெரியவர் ஒருவரின் கருத்து ஒன்றையும் எழுதிக்கொண்டு வருவார்களாயின், அவற்றுள் தக்கவற்றை அடுத்த ஆண்டு மலரிலே அச்சிடச் சங்கத்தார் இசைய வேண்டும் என்று இச்சபையின் முன் கேட்டுக்கொள்கிறேன். 1869ஆம் ஆண்டுக் கும்மியைக் கேட்டிருந்தவர்களின் கருத்தை இனி நாம் எழுத முடியாது. இன்று நம்மிடையே வாழ்கின்றவர்களின் கருத்தை எழுதிவைக்க முடியும்.

 இளைஞர்களின் முயற்சிக்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக.